கப்பலில் இராச் சாப்பாட்டுக்கு அப்பாவின் வேட்டி

தம்பி, ஏழு இரவுக் கப்பல் பயணத்துக்கு அப்பாவுக்குக் கோட் தைக்க வேண்டுமா என்று கல்முனையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். பெரும்பாலான கப்பல்களில் கோட் எதிர்பார்க்கும் இரவு ஒன்றோ இரண்டோதான். அதற்கும் அவரவர் தேசிய உடையை ஏற்றுக்கொள்வார்கள். பட்டு வேட்டி, நீளக்கைச் சேர்ட், சப்பாத்து போதும். பதிவு செய்த கம்பனியிடம் ஒருதரம் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

அம்மாவுக்கு மருதமுனைக் கைத்தறிச் சேலையே எடுத்துக் கொடுங்கள். நம்மூர் நெசவு, எந்த மேசையிலும் எடுபடும். ஒரு சால்வையும் வையுங்கள், உணவுக்கூடத்தில் ஏசி நல்லாக் குளிரும்.

பகல் பஃபேக்குச் சாதாரண உடுப்பு சரி. ஆனால் நீச்சல் உடையோடோ வெறுங்காலோடோ விடமாட்டார்கள். சாரம் அறைக்குள் மட்டும். அப்பாவுக்கு உடுத்த அலுப்பாக இருந்தால், கோட் எதிர்பார்க்கும் இரவுகளிலும் அநேகமான கப்பல்களில் பஃபேயில் சாதாரணமாகப் போய்ச் சாப்பிடலாம்.