வெளிநாட்டில் இருக்கும்போது, புரட்டாசி ஐப்பசி வந்தால் ஊரின் எந்த வழக்கத்தை நினைத்து ஏங்குகிறீர்கள்?

ஆயுத பூஜை.

தீபாவளி என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். மலேசியாவில் தீபாவளிக்கு ஒரு குறையும் இல்லை. அரசு விடுமுறை உண்டு, பேரங்காடி வாசலில் அரிசிக் கோலம்கூடப் போடுகிறார்கள். கேள்வி கேட்ட விதத்தைப் பார்த்தால் நீங்கள் வந்து ஒரு வருடம் ஆகியிருக்காது. முதல் வருடம் எதைப் பார்த்தாலும் ஊர் ஞாபகம்தான் வரும். எனக்குப் பினாங்கில் 11 வருடம் ஆகிவிட்டது. இப்போது மிச்சம் இருப்பது இந்த ஒன்றுதான்.

அப்பாவுக்குக் கோவை கணபதியில் லேத் பட்டறை. இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மிஷின், அவ்வளவுதான். பம்பு கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பார். (கோவையில் மோட்டார் என்றால் தண்ணீர் இறைப்பது. பினாங்கில் மோட்டார் என்றால் பைக். வந்த புதிதில் ஒருவர் 'மோட்டார்ல வந்தேன்' என்றபோது ஒரு நிமிடம் முழித்தேன்.) பூஜைக்கு இரண்டு நாள் முன்பே மண்ணெண்ணெய் ஊற்றி மிஷினைக் கழுவ ஆரம்பித்துவிடுவோம். வருடம் முழுக்கப் படிந்த ஆயிலும் இரும்புச் சீவலும் போய், அடியில் பச்சை பெயின்ட் தெரியும்போது, 'அட, இதுக்கு இந்த நிறமா' என்று ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் சொல்வார். அப்புறம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, கலர் பேப்பர். பொரி, பொட்டுக்கடலை, நாட்டுச் சர்க்கரை. வேலையாட்கள் குடும்பத்தோடு வருவார்கள். கடைசியில் பூசணிக்காயில் குங்குமமும் சில்லறையும் போட்டுத் தெருவில் உடைத்தால் நாங்கள் காசுக்குப் பாய்வோம்.

பூசணிக்காயில் வழுக்கி எத்தனை பைக் விழுகிறது தெரியுமா என்று கேட்க வருபவர்களுக்கு: தெரியும். என் சித்தப்பாவே விழுந்து முழங்கையைப் பெயர்த்துக்கொண்டார். அதை நான் நியாயப்படுத்தவில்லை. பக்தி என்றும் பெரிதாக எனக்கு ஒன்றும் கிடையாது.

நான் ஏங்குவது அந்தச் சத்தமின்மைக்கு. பூஜை முடிந்ததும் யாரும் எந்தக் கருவியையும் தொடக்கூடாது. ஸ்பேனரைக்கூட. தெரு முழுக்கப் பட்டறைகள், காலை எட்டு மணியிலிருந்து கரகரவென்று இரும்பு கடையும் சத்தத்திலேயே வளர்ந்தவன் நான். வருடத்தில் அந்த ஒரு நாள் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் எங்கள் பட்டறைக்குள் கேட்கும். அப்பா ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருப்பார். அவர் சும்மா உட்கார்ந்து நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

இப்போது பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலையில் மிஷின் பராமரிப்பு வேலை. அங்கே மிஷின் நிற்பதே இல்லை, 12 மணி நேர ஷிப்ட். நின்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். தூசியே இருக்கக்கூடாத கிளீன் ரூம் என்பதால் முகத்தில் பவுடர் இருந்தால்கூட உள்ளே விடமாட்டார்கள். சந்தனத்துக்கு எங்கே போவது?

2024 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை, ஆயுத பூஜை. விடிகாலையில் லாக்கரில் இருந்த என் டார்க் ரெஞ்சின் (போல்ட்டை அளவோடு முடுக்கும் ஸ்பேனர்) பிடியில் துளி குங்குமம் வைத்துக் கும்பிட்டேன். துடைத்துவிட்டுத்தான் உள்ளே எடுத்துப் போனேன், சரியாகத் துடைக்கவில்லை போலிருக்கிறது. கையுறையில் சிவப்பு. மாசு பட்டதாக எழுதி, விளக்கம் கேட்டுவிட்டார்கள். நானும் ஒரு பக்கம் எழுதினேன்: இது கருவிகளை வணங்கும் நாள், எங்கள் ஊரில் அன்று அவற்றுக்கு ஓய்வு, யாரும் தொடமாட்டோம். என் சூப்பர்வைசர் ஒரு மலாய் அம்மா. பொறுமையாகப் படித்து முடித்துவிட்டுக் கேட்டார்: 'தொடக்கூடாது என்றால் நீ ஏன் தொட்டாய்?'

இன்றுவரை பதில் இல்லை.

பினாங்குத் தமிழர்கள் சண்டைக்கு வரவேண்டாம். லிட்டில் இந்தியாவில் பொரி கிடைக்கிறது. 1833இல் கட்டிய குயீன் ஸ்ட்ரீட் மகா மாரியம்மன் கோயிலில் நவராத்திரி நடக்கிறது, விஜயதசமிக்கு அம்மன் தேரில் வருகிறாள். புரட்டாசி மாதம் முழுக்க இங்கே பலர் கவிச்சியைத் தொடுவதில்லை. நான் ஊரில் இருந்தபோது சனிக்கிழமை மட்டும்தான், அதுவும் அம்மாவுக்குப் பயந்து. நான் சொல்வது கோயிலைப் பற்றியல்ல, வேலை செய்யும் இடத்தைப் பற்றி.

இதில் சீனர்கள் எனக்கு எதிர்பாராத துணை. ஒன்பது பேரரசர் விழா என்று அவர்களுக்கும் ஒன்பது நாள் சைவம் உண்டு. சாப்பாட்டுக் கடைகளில் மஞ்சள் கொடி பறக்கும். 2024இல் அதுவும் நவராத்திரியும் அக்டோபர் 3ஆம் தேதி ஒன்றாகத் தொடங்கின. நானும் என் சீனக் கூட்டாளியும் ஒரே கடையில் ஒன்பது நாளும் டோஃபுவாகச் சாப்பிட்டோம். 2025இல் அவர்கள் நாட்காட்டியில் ஆறாம் மாதம் இரண்டு முறை வந்ததால் எல்லாம் தள்ளிப்போனது. எங்கள் ஆயுத பூஜை அக்டோபர் 1. அவர்களுக்குத் தொடங்கியதே 21ஆம் தேதி, தீபாவளிக்கு மறுநாள். நான் தனியாக டோஃபு சாப்பிட்டேன். அவன் எதிரில் உட்கார்ந்து கோழி கடித்தான்.

குங்குமம் என்றதும் இன்னொன்று. கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லியே ஆகவேண்டும். முன்பு இருந்த வீட்டைக் காலி செய்தபோது, நிலைப்படியில் இருந்த குங்குமக் கறைக்கென்று வீட்டுக்காரர் என் முன்பணத்தில் 400 ரிங்கிட் பிடித்துக்கொண்டார். ஈரத்துணியால் போகிற கறை. குளியலறைக் கூரை எட்டு மாதம் ஒழுகியதே, அதற்கு நான் யாரிடம் பிடிப்பது? வீடு எடுக்கும்போதே ஒவ்வொரு மூலையையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்த 2024 கதைக்கு வருகிறேன். ஷிப்ட் முடிந்து இரவு ஏழரைக்கு ஊருக்குப் போன் போட்டேன். அங்கே மாலை ஐந்து. அடித்துக்கொண்டே இருந்தது. அம்மா எடுக்கவில்லை, தம்பி எடுக்கவில்லை, அப்பாவும் எடுக்கவில்லை. என்னென்னவோ நினைத்துப் பயந்துவிட்டேன். கடைசியில் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போட்டேன். அவர் சொன்னார்: 'எல்லார் போனும் பூஜையில இருக்குது கண்ணு, நாளைக்குத்தான் எடுப்பாங்க.'

மறுநாள் காலை வீடியோவில் வந்தார்கள். அம்மா முகம் மஞ்சளாக, மங்கலாகத் தெரிந்தது. கேமரா மேலேயே சந்தனம் வைத்திருக்கிறார்கள். துடைக்கச் சொல்லவில்லை.