சின்னக் கை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மூன்று வருடமாக உங்களை வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல்முறை.

எனக்குத் திருமணமாகி ஒன்பது வருடம். குழந்தை இல்லை. நான்கு வருடத்துக்கு முன் புத்தாண்டு ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டையில் "மலடியைச் சந்தோஷமான பிள்ளைத்தாய்ச்சியாக்கி" என்ற சங்கீத வசனம் இருந்தது. நானும் கணவரும் அன்றைக்கு அழுதுவிட்டோம். அடுத்த வருடம் எரேமியா 29:11 வந்தது. வருகிற வசனங்களை எல்லாம் தேதி போட்டு ஒரு டைரியில் எழுதி, நிறைவேறியதற்கு டிக் போடுகிறேன். கணவரின் பதவி உயர்வுக்கு டிக் போட்டாயிற்று. முக்கியமான இரண்டும் அப்படியே நிற்கின்றன.

எங்கள் சபையில் ஒரு அக்கா, "உனக்கு விசுவாசம் பத்தாது, 21 நாள் உபவாசம் இரு" என்கிறார். சிகிச்சைக்குப் போவது அவிசுவாசமா? கடவுள் கூடவே இருக்கிறார் என்று எல்லாரும் சொல்கிறார்கள். கூட இருக்கிறவர் ஏன் பேசாமல் இருக்கிறார்? வாக்கு நிறைவேறும்வரை அவர் இருக்கிறார் என்று எதை வைத்து நம்புவது?

(பெயர் வேண்டாம்), மதுரை

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் ஒரு பழைய பிஸ்கட் டின்னைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இல்லாவிட்டால் உங்களுக்கு இரண்டு வரியில் ஆறுதல் எழுதி முடித்திருப்பேன். டின்னைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

முதலில் சில்லறைகளை முடித்துவிடுவோம். சிகிச்சைக்குப் போவது அவிசுவாசமா? இல்லை. போங்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், பரிசோதனை என்றால் இருவருக்கும்தான். உபவாசம்? மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். அந்த அக்காவின் விசுவாச அளவுகோலைப் பற்றி எழுதினால் எனக்கு வாய் கெட்டுவிடும். அடுத்த முறை அவர் ஆரம்பித்தால், அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

எனக்குக் கோபம் உங்கள் மேல்தான். அந்த டைரி. மளிகைக் கடையில் பற்று நோட்டு வைத்திருப்பார்களே, அந்த மாதிரி கடவுள் பேரில் ஒரு பக்கம் ஒதுக்கி வரவு பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். பதவி உயர்வுக்கு டிக். அந்த மனுஷர் ராத்திரி பத்து மணிக்கு வீடு வந்து சேர்ந்தது எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது? அவரோடு சேர்ந்து அழுத அந்த ராத்திரிக்கு டிக் உண்டா?

திட்டுகிறேன் என்று வருத்தப்படாதீர்கள். "விசேஷம் ஏதும் உண்டா" என்ற கேள்விக்கு ஒன்பது வருடமாகச் சிரித்துக்கொண்டே பதில் சொல்கிறவருக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். வளைகாப்பு வீட்டில் வளையல் தட்டு உங்களைத் தாண்டிப் போகிறபோது அந்த டைரிதான் கையில் இருந்திருக்கும். அதைக் கொடுத்தது நம் சபைகள். டிசம்பர் 31 ராத்திரி ஒரு தட்டில் வசனங்களைக் கவிழ்த்துப் போட்டு, எடு என்கிறோம். தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டை 2003இலேயே நிறுத்திவிட்டார்கள். நாம்தான் இன்னும் விடவில்லை.

உங்களுக்கு வந்த எரேமியா 29:11ஐயே எடுத்துக்கொள்வோம். தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் சுவரிலும் நாட்காட்டியிலும் காலை வாட்ஸப்பிலும் தவறாமல் இருக்கிற வசனம். நம் பழைய மொழிபெயர்ப்பில் "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை" கொடுப்பேன் என்று இருக்கும். நான் எதை எதிர்பார்க்கிறேனோ அது கிடைக்கும் என்று நாம் வாசித்துக்கொள்கிறோம். மூல எபிரேயத்தில் இருப்பது பின்வரும் காலமும் நம்பிக்கையும் என்கிற இரண்டு சொற்கள். சரி, அதைக்கூட விட்டுவிடலாம். அதற்கு முந்தின வசனத்தை வாசித்திருக்கிறீர்களா? பத்தாம் வசனத்தை எந்த அட்டையிலும் நான் பார்த்ததில்லை. பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்பு, என்று ஆரம்பிக்கும்.

அது ஒரு கடிதம். கி.மு. 597இல் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் யூதாவின் தலைநகர் எருசலேமைப் பிடித்து, அங்கிருந்த அரசன் எகொனியாவையும் பிரபுக்களையும் தச்சர் கொல்லர்களையும் பாபிலோனுக்குக் கொண்டுபோனான். அங்கே மூட்டையைப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா என்ற தீர்க்கதரிசி எழுதினது. எழுபது வருஷம் என்று வாசிக்கக் கேட்ட முப்பது வயதுக்காரனுக்கு என்ன புரிந்திருக்கும்? நீ திரும்பப் போவதில்லை, உன் பேரன் போகலாம். இதைத்தான் நாம் பூப்படம் போட்டு அச்சடித்து ஒவ்வொருவர் கையிலும் தனித்தனியாகக் கொடுக்கிறோம்.

அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி இருந்தான். இரண்டே வருஷம், எல்லாம் திரும்பிவிடும் என்று ஆலயத்தில் எல்லார் முன்னாலும் சொன்னான். பாபிலோனுக்கு அடங்கியிருங்கள் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தைப் பிடுங்கி உடைத்தான். ஜனங்களுக்கு யாரைப் பிடித்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நுகம் உடைபடுவதற்கு முன்னால் எரேமியா சொன்ன முதல் வார்த்தையைப் பாருங்கள்: ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக. அவருக்கும் இரண்டு வருஷத்தில் முடிந்தால் நல்லது என்றுதான் இருந்தது. அந்த ஆமெனை நினைத்தால் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கும். அந்த அக்காவிடம் இல்லாதது அதுதான்.

கடிதத்தில் இருந்தது என்ன? வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், கல்யாணம் பண்ணுங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள், இருக்கிற ஊருக்காக ஜெபம் பண்ணுங்கள். அப்படியே செய்திருக்கிறார்கள். பாபிலோனியாவில் அல்-யாஹூது என்று ஓர் ஊர் இருந்தது, யூதாவூர் என்று சொல்லலாம். அங்கே எழுதின களிமண் பலகைகள் கிடைத்திருக்கின்றன, மிகப் பழையது கி.மு. 572ஐச் சேர்ந்தது. சிறைப்பட்டுப் போனவர்களும் அவர்கள் பிள்ளைகளும் வாங்கின கடன், எடுத்த குத்தகை, கட்டின வரி. பேரீச்சம்பழக் கணக்கும் வாற்கோதுமைக் கணக்கும் போட்டுக்கொண்டேதான் அவர்கள் காத்திருந்தார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், உங்களிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். பிள்ளைகளைப் பெறுங்கள் என்று எழுதின எரேமியாவுக்குப் பிள்ளை கிடையாது. நீ பெண் கொள்ள வேண்டாம், உனக்குக் குமாரரும் குமாரத்திகளும் வேண்டாம் என்பது அவருக்கு வந்த வார்த்தை, பதினாறாம் அதிகாரத்தில் இருக்கிறது. அப்புறம் எதிரி நகரத்தைச் சுற்றி வளைத்திருக்கும்போது, காவலில் இருந்துகொண்டே, பங்காளியிடமிருந்து 17 சேக்கல் வெள்ளிக்கு ஒரு நிலத்தை வாங்கிப் பத்திரத்தை மண்பாண்டத்தில் போட்டு வைக்கச் சொன்னார். அந்த நிலத்தில் அவர் உழுததாக எங்கேயும் இல்லை. கடைசியில் அவரை எகிப்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். வாக்குத்தத்தம் பெற்றவர்களைப் பற்றிப் பிரசங்கிக்கிறவர்கள் ஆபிரகாமோடு நிறுத்திக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. அவருக்கு நூறு வயதிலாவது ஈசாக்கு பிறந்தான்.

கூட இருக்கிறவர் ஏன் பேசவில்லை என்று கேட்டிருந்தீர்கள். பாபிலோனில் இருந்தவர்களின் பயம் அதைவிட மோசம். கடவுள் எருசலேம் ஆலயத்தில் இருக்கிறார், நாம் இங்கே வந்துவிட்டோம், ஆகவே அவர் நம்மோடு இல்லை. அந்தக் கூட்டத்தில் எசேக்கியேல் என்ற ஆசாரியரும் இருந்தார். ஊரில் இருந்திருந்தால் ஆலயத்தில் ஊழியம் செய்திருப்பார். சிறையிருப்பின் ஐந்தாம் வருஷம், கேபார் நதியோரத்தில் அவர் ஒரு தரிசனம் கண்டார். அதில் மற்ற எல்லாமே எனக்குக் குழப்பம். நாலு முகம், இறக்கை, கண்கள், ஒன்றும் பிடிபடாது. ஒன்று மட்டும் பிடிபடும்: கடவுளின் சிங்காசனத்தின் கீழே சக்கரம் இருந்தது. எருசலேமில் இருக்கிறவர் என்று இவர்கள் நினைத்துக்கொண்டிருந்தவர் புறப்பட்டு அகதிகள் இருக்கிற வாய்க்கால் கரைக்கு வந்திருந்தார். பாரசீக அரசன் கோரேசு வந்து பாபிலோனைப் பிடித்து இவர்களைத் திரும்பப் போக விட இன்னும் ஐம்பது வருஷத்துக்கு மேல் இருந்தது. ஒரு வாக்கும் அன்றைக்கு நிறைவேறவில்லை.

சரி, பிஸ்கட் டின்.

எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துக்குப் பக்கம். என் பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பெரியப்பா கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனவர். கொஞ்ச நாள் பணம் வந்தது, அப்புறம் கடிதம் மட்டும், அப்புறம் அதுவும் நின்றது. பிள்ளை இல்லை. 1978 டிசம்பர் 31 ராத்திரி, எனக்குப் பதினொரு வயது. கோயிலில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சம். ஞாயிறு பள்ளி டீச்சர் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, வெள்ளையாக இருக்கிற பக்கத்தில் கையாலேயே வசனம் எழுதியிருந்தார். எவர்சில்வர் தட்டு எங்கள் வரிசைக்கு வந்ததும் பெரியம்மா என் தோளைத் தட்டினாள்.

"ஏல, எனக்கு நீ எடு. உன் கை சின்னக் கை."

எடுத்தேன். 128ஆம் சங்கீதம். உன் பிள்ளைகள் உன் பந்தியைச் சுற்றிலும் ஒலிவமரக் கன்றுகளைப்போல் இருப்பார்கள். பின்பக்கம் யாருடைய கல்யாணமோ பாதி வெட்டுப்பட்டு நின்றது. "என்னல போட்டிருக்கு?" என்றாள். அந்த வயதிலும் அதை வாய்விட்டு வாசிக்கக் கூடாது என்று எனக்குத் தெரிந்தது. மனப்பாடமாக இருந்த வேறு ஒன்றைச் சொன்னேன். "நீ பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன்." அவள் அட்டையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். வெளியே கருப்பட்டிக் காப்பியும் பன்னும் கொடுத்தார்கள். பன் இறங்கவில்லை. வேதத்தை மாற்றி வாசித்தவனுக்கு என்ன ஆகும் என்று வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசியில் எழுதியிருப்பது அதே டீச்சர் சொல்லித்தந்ததுதான்.

அடுத்த வருஷம் மறுபடியும் என்னையே எடுக்கச் சொன்னாள். இந்த முறை உள்ளதை உள்ளபடி வாசிப்பது என்று முடிவு பண்ணியிருந்தேன். கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார் என்று வந்தது. வாசித்தேன். "அது கெடக்கட்டும்," என்றாள். "போன வருஷம் படிச்சியே, அதைப் படிலே."

பெரியப்பா வரவில்லை. பெரியம்மா போய்ப் பல வருடமாகிறது. வீட்டைப் பிரிக்கிறார்கள் என்று போன மாதம் போனபோது டின் என் பங்குக்கு வந்தது. உள்ளே ஒரு கட்டு அட்டைகள், இரண்டு மணியார்டர் ரசீது. ஒலிவமரக் கன்று அட்டையும் இருந்தது. வசனத்துக்குக் கீழே, மிச்சமிருந்த இடத்தில், பென்சிலால் நான் சொன்ன அந்த வரி. டீச்சரின் கையெழுத்து.

அந்த வருஷம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அன்புடன்.