வைட்டமின் டி 14 என்று வந்திருக்கிறது, சர்க்கரை நோய் வந்துவிடுமா டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 44. சென்னையில் அக்கவுண்ட்ஸ் வேலை. ஹெல்த் செக்கப்பில் வைட்டமின் டி 14 என்று வந்தது, சுகரும் எல்லைக்கோட்டில் இருக்கிறது. டி குறைந்தால் சர்க்கரை, இதய நோய், புற்றுநோய் எல்லாம் வரும் என்று வாட்ஸ்அப்பில் படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. தினமும் காலை ஆறரைக்கு மொட்டை மாடியில் நடக்கிறேன், ஆபீஸிலும் வெயில் விழுகிற கண்ணாடி ஜன்னல் பக்கம்தான் சீட். அப்படியும் ஏன் குறைகிறது? 71 வயது அம்மாவுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை பெரிய டோஸாகக் கொடுத்துவிடலாம் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். கொடுக்கலாமா?

பதில்: முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள். 20க்குக் கீழே போனால் குறைபாடு என்கிறோம், அதனால் 14ஐச் சரிசெய்யத்தான் வேண்டும். ஆனால் அதைச் செய்வது எலும்புக்காகவும் தசைக்காகவும். தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியவில்லை, படி ஏறினால் தொடை கனக்கிறது, முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பை அழுத்தினால் வலிக்கிறது என்றால் அது குறைபாட்டின் வேலையாக இருக்கலாம். இதில் எது இருந்தாலும் உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சர்க்கரை விஷயத்துக்கு வருகிறேன். டி குறைந்தவர்களிடம் சர்க்கரை நோயும் இதய நோயும் அதிகம் என்பது உண்மைதான், பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. ஆனால் உடல் எடை கூடினால் இந்த வைட்டமின் கொழுப்பில் போய்த் தங்கி ரத்தத்தில் அளவு குறைந்துவிடும். நோயில் படுத்தவர் வெயிலுக்கே வர மாட்டார். நாள் முழுக்க நாற்காலியில் இருப்பவருக்கு டியும் குறையும், சுகரும் ஏறும். அப்படியானால் எது எதனால் வந்தது? இதைத் தெரிந்துகொள்ளத்தான் மாத்திரை கொடுத்தே பார்த்தார்கள். அமெரிக்காவில் 25,000 பேருக்கு மேல் சேர்த்து, பாதிப் பேருக்குத் தினமும் 2,000 யூனிட் வீதம் ஐந்து வருஷத்துக்கு மேல் கொடுத்தார்கள். 2018இல் முடிவு வந்தபோது புற்றுநோயோ மாரடைப்போ குறைந்திருக்கவில்லை. உங்களைப் போல சுகர் எல்லைக்கோட்டில் இருந்த 2,423 பேரிடம் 4,000 யூனிட் கொடுத்து நடந்த ஆய்வு 2019இல் வெளியானது, அதிலும் நம்பும்படியான வித்தியாசம் இல்லை. இவர்களில் பெரும்பாலோருக்கு ஆரம்பத்திலேயே குறைபாடு கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும், அதனால்தான் உங்கள் 14ஐ விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. வெயிலில் நின்றுவிட்டாலே சர்க்கரை வராது என்றும் சொல்ல முடியாது: என்னிடம் வரும் ஒரு காய்கறிக்கார அம்மா காலை எட்டிலிருந்து மதியம் வரை திறந்த வெயிலில் கடை போடுகிறார், புறங்கை கருத்துத் தோல் தடித்திருக்கும், அவருக்கு சுகர் 280.

உங்கள் நடைக்கு வருவோம். தோலில் வைட்டமின் டி தயாராக புற ஊதா பி கதிர் வேண்டும். காலை ஆறரைக்குச் சூரியன் சாய்வாக இருப்பதால் அந்தக் கதிர் காற்று மண்டலத்திலேயே பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. ஜன்னல் கண்ணாடியும் அதைத் தடுத்துவிடும். வெயில் சுள்ளென்று சுடும், தோல் கறுக்கவும் செய்யும், வைட்டமின் மட்டும் வராது. நிழலைப் பாருங்கள், அது உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும்போது நின்றால்தான் பலன். சென்னையில் சித்திரையில் ஒன்பது மணிக்கே அப்படி ஆகிவிடும், மார்கழியில் பத்தேகால், பத்தரை ஆகும். முகம், கைகள், முடிந்தால் கால்களும் தெரிய வாரத்தில் மூன்று நான்கு நாள் அரை மணி நேரம் போதும், நம் மாநிறத் தோலுக்கு வெளிர் தோலைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் தேவை என்பதால்தான் அரை மணி என்கிறேன். கத்திரி வெயிலில் உச்சிப் பொழுதில் நிற்க வேண்டாம், மயக்கம் வந்துவிடும். காலை நடையை மட்டும் விட்டுவிடாதீர்கள், சுகருக்கு அதுதான் மருந்து.

வெயில் மட்டும் 14ஐச் சீக்கிரம் உயர்த்தாது. வழக்கமாக வாரத்துக்கு ஒன்று என்று 60,000 யூனிட், எட்டு வாரம், சாப்பிட்டபின் எடுக்கச் சொல்வோம். சிறுநீரகக் கல் வந்திருந்தால், சிறுநீரகக் கோளாறு இருந்தால் முதலில் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வாரத்துக்கு ஒன்று என்பதைக் காலண்டரில் வட்டம் போட்டே வையுங்கள். ஒரு பெரியவரை மகன் தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்தார்: ஓயாத வாந்தி, மலச்சிக்கல், பேச்சில் தடுமாற்றம், பக்கவாதம் என்று பயந்துபோயிருந்தார்கள். பையைப் பிரித்தால் 60,000 யூனிட் மாத்திரையின் காலி அட்டைகள். தினமும் ஒன்று என்று ஒரு மாதத்துக்கு மேல் விழுங்கியிருக்கிறார். ரத்தத்தில் கால்சியம் எகிறி, சிறுநீரகம் தேறி வர வாரக்கணக்கில் ஆனது. சீட்டில் எழுதியதை நாங்கள் வாய்விட்டும் சொல்லியிருக்க வேண்டும், அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

அம்மாவுக்கு அந்த வருஷாந்திர டோஸ் வேண்டவே வேண்டாம். ஆஸ்திரேலியாவில் 70 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு வருஷத்துக்கு ஒரு முறை 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தபோது, கொடுக்காதவர்களைவிட அவர்கள்தான் அதிகம் விழுந்தார்கள், எலும்பும் அதிகம் முறிந்தது. அந்த ஆய்வு வந்தது 2010இல், ஆனாலும் இந்த யோசனை இன்னும் ஊரில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அம்மாவுக்குத் தினசரி சிறு டோஸ், 800 அல்லது 1,000 யூனிட், அவர் டாக்டரைக் கேட்டுக் கொடுங்கள். பாத்ரூமில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் வைத்துவிடுங்கள். உங்களுக்கு எட்டு வாரம் முடிந்தபின், மூன்றாம் மாதம் டியையும் கால்சியத்தையும் சேர்த்துப் பாருங்கள், அதே ரத்தத்தில் மூன்று மாத சுகர் சராசரியையும் பார்த்துவிடலாம்.