விஷம் வைக்காமல் வயலிலும் வீட்டிலும் எலியை ஒழிக்க முடியுமா?

கேட்டிருப்பது இதுதான்: இரண்டு ஏக்கர் சம்பா, பக்கத்திலேயே ஓட்டு வீடு. வயலில் எலி வெட்டுகிறது, வீட்டில் நெல் மூட்டையைக் கடிக்கிறது. தவழும் குழந்தை இருப்பதால் மருந்து வைக்கப் பயம். பொறியை மட்டும் நம்பலாமா?

நம்பலாம். நான் மன்னார்குடிப் பக்கம் விவசாயம் செய்கிறேன். வீட்டுக்குள் எலி மருந்து வைப்பதை விட்டு ஒன்பது வருடம் ஆகிறது. வயலிலும் கிட்டி என்கிற மூங்கில் பொறியும் மண்வெட்டியும்தான். எலியே இல்லாமல் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அறுவடையில் அது கண்ணுக்குத் தெரிகிற நஷ்டமாக இல்லை.

முதலில் ஒன்று. வயலில் வெட்டுகிற எலியும் வீட்டில் கடிக்கிற எலியும் பெரும்பாலும் வேறு வேறு. வயலில் பெரிய நாசம் செய்வது கரம்பை எலி, எங்கள் பக்கம் வரப்பெலி என்போம். குட்டையான வால், தடித்த உடம்பு. வரப்புக்குள் வளை தோண்டி, வாயைப் புது மண்ணால் அடைத்துவிட்டு உள்ளே இருக்கும். கதிரை வெட்டி வளைக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஓட்டிலும் பரணிலும் ஓடுவது வீட்டெலி. அதற்கு வால் உடம்பைவிட நீளம், ஏறுவதில் கெட்டி. முன்னதை மண்ணில் தேட வேண்டும், பின்னதைத் தலைக்கு மேலே தேட வேண்டும். பலரும் பரண் எலிக்குத் தரையில் பொறி வைத்துவிட்டு, பொறி சரியில்லை என்கிறார்கள்.

வயலில் இருந்து தொடங்குகிறேன். பயிர் காய்ந்து நின்றால் உடனே மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். காய்ந்த குருத்தை இழுத்துப் பாருங்கள். சுலபமாகக் கையோடு வந்தால் குருத்துப்பூச்சி. தண்டு அடியில் கத்தியால் சாய்த்து வெட்டியது போல இருந்தால் எலி. எலி வெட்டியதற்குப் பூச்சி மருந்து அடித்துக் காசைக் கரைத்தவர்களை எங்கள் ஊரிலேயே பார்த்திருக்கிறேன்.

அப்புறம் வரப்பு. எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் கிட்டி வைக்க வரும் ஒரு பெரியவர். முதல் முறை அவரைக் கூப்பிட்டபோது கிட்டிக் கட்டு இல்லாமல் வெறுங்கையோடு வந்தார். சாயங்காலம் நாலரை மணி இருக்கும். வரப்பின் ஒரு முனையில் இருந்து குனிந்தபடியே நடந்தார். கண்ணில் பட்ட ஒவ்வொரு வளை வாயிலும் ஒரு கைப்பிடிச் சேற்றை அள்ளி வைத்து, உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்திவிட்டு அடுத்ததற்குப் போனார். முப்பது நாற்பது வளை இருக்கும். ஒன்றும் பேசவில்லை. கரையேறியதும், "காலையில வாங்க தம்பி, எது வீடு எது பாழ்னு தெரியும்" என்றார்.

காலையில் போய்ப் பார்த்தால் பதினோரு வளையில்தான் சேறு உடைந்து கிடந்தது. மற்றதில் எல்லாம் அவர் கைரேகை அப்படியே இருந்தது. முப்பது வளைக்கும் செய்ய இருந்த வேலை பதினொன்றுக்குள் அடங்கிவிட்டது. உடைந்த வளைகளின் பக்கத்தில் பயிருக்குள் புகுந்து போகும் தடத்தைக் காட்டினார். விரல்கடை அகலத்துக்குப் புல் படிந்து, மண் வழவழவென்று இருந்தது. எலி தினமும் அதே தடத்தில்தான் போகும், வரும். அன்று சாயங்காலம்தான் கிட்டிக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

தஞ்சாவூர்க் கிட்டி என்று வேளாண்மைத் துறைக்காரர்களும் எழுதுகிறார்களே, அதுதான். மூங்கில் பத்தையை வில்லாக வளைத்துக் கயிறு பூட்டியிருக்கும். இரையை எலி இழுத்ததும் தடை விடுபட்டு, வில் நிமிர்ந்து, கயிறு கழுத்தை நெரித்துவிடும். ஏக்கருக்கு நாற்பது வரை வைப்பார்கள். பொழுது சாய வைத்து, விடியும் முன்னே எடுத்துவிட வேண்டும். விடிந்த பிறகு விட்டால் காக்கை கொத்தும், நாய் இழுத்துக்கொண்டு போகும். வைத்த இடம் தெரிய நாலு தோகையைச் சேர்த்து முடிந்துவிடுவார் பெரியவர். அந்த முடிச்சைப் பிடித்தே காலை இருட்டிலும் எல்லாக் கிட்டியையும் எடுத்துவிடுவார்.

கிட்டி செய்வதும் வைப்பதும் கைப்பழக்கம். இதை நீங்களே கற்றுக்கொள்ள நினைக்க வேண்டாம் என்பேன். ஊரில் கிட்டி வைப்பவர் இருந்தால் கூப்பிட்டு, கேட்கிற கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். வால் எண்ணிக் கூலி கொடுக்கும் வழக்கம் உண்டு. எலி குறைந்த வருடத்தில் அந்தக் கணக்கில் அவருக்கு ஒன்றும் கிடைக்காது, அவர் வேலை சரியாகச் செய்ததற்கே தண்டனை போல ஆகிவிடும். அதனால் நான் ஒரு இரவுக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்கிறேன். எங்கள் சுற்றுவட்டத்தில் இந்த வேலை தெரிந்தவர்கள் வயதானவர்களாகவே இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். இந்த வித்தை கையைவிட்டுப் போனால் திரும்ப வராது என்ற கவலை எனக்கு உண்மையாகவே இருக்கிறது.

எப்போது பிடிக்கிறோம் என்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம். கதிர் பிடிக்கும் பருவத்தில் எலிக்குத் தீனி பெருகும், அதோடு அதுவும் பெருகும். சினைக்காலம் மூன்று வாரம்தான், ஒரு ஈற்றுக்கு ஆறு, எட்டு குட்டி. கதிர் வெளிவரும் முன் தண்டு புடைத்து நிற்கும் தொண்டைக்கதிரில் வெட்டு விழுந்ததைப் பார்த்துவிட்டுக் கிட்டிக்காரரைத் தேடினால், நாம் ஒன்றைப் பிடிப்பதற்குள் வளைக்குள் எட்டு வளர்ந்துகொண்டிருக்கும். நட்டு ஒரு மாதத்துக்குள் பிடிக்கும் ஒரு பெண் எலி, மார்கழியில் பிடிக்கும் பத்துக்குச் சமம்.

அதைவிட நல்லது கோடை. உளுந்து, பயறு எடுத்து முடிந்து, மேட்டூர்த் தண்ணீர் வருவதற்கு முன்னால், சித்திரை வைகாசியில் வயல் மொட்டையாகக் கிடக்கும். எலிக்கு ஒளிய இடம் வாய்க்கால் கரையும் பெரிய வரப்பும் வைக்கோல் போரின் அடியும்தான். அப்போது வளை வெட்டினால் குடும்பத்தோடு கிடைக்கும். நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரே வாரத்தில் ஒரு வாய்க்கால் பாசனம் முழுவதும் வெட்டுகிறோம். தனியாக உங்கள் இரண்டு ஏக்கரில் மட்டும் செய்தால் பதினைந்து நாளில் பக்கத்து வயல் எலி குடிவந்துவிடும். பக்கத்து வயல்காரரோடு பேச்சுவார்த்தை இல்லை என்றாலும் இந்த ஒரு வாரத்துக்குப் பேசிவிடுங்கள். குறுவை போடுகிற வயல் பக்கத்தில் இருந்தால், அது அறுவடை ஆனதும் எலி உங்கள் சம்பாவுக்கு நடந்து வரும். அந்த ஒரு வாரம் அந்தப் பக்க வரப்பில் கண் வையுங்கள்.

வளை வெட்டும்போது எந்தக் காரணத்துக்கும் கையை உள்ளே விடாதீர்கள். எலி வளையில் பாம்பு குடியிருக்கும், நல்ல பாம்பாகவும் இருக்கலாம். சாரையைக் கண்டால் அடிக்காதீர்கள், அது சம்பளம் வாங்காமல் உங்களுக்கு வேலை செய்கிறது.

வரப்பையும் சிறிதாக்குங்கள். அகலம் ஒரு அடி இருந்தால் போதும், அதற்குள் எலிக்கு வசதியாக வளை போட முடியாது. வரப்பில் புல் மண்ட விடாதீர்கள். நட்டதும் ஏக்கருக்குப் பத்துப் பதினைந்து இடத்தில் பயிரைவிட உயரமாகக் கம்பு நட்டு, மேலே குறுக்கே ஒரு குச்சி கட்டினால் ஆந்தையும் கூகையும் இரவில் வந்து உட்காரும். கூகையை அபசகுனம் என்று கல்லெடுத்து விரட்டுகிறார்கள், மனசு கேட்கவில்லை. ஓர் இரவில் நாலைந்து எலியைக் கூட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிற பறவை அது.

இரண்டு விஷயத்தைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, வயலைச் சுற்றிக் கம்பி கட்டிக் கரண்டு விடாதீர்கள். அது சட்டப்படி குற்றம். இரவில் தண்ணீர் பார்க்கப் போனவர், அதிகாலையில் மாடு தேடிப் போனவர் என்று எலிக்கு வைத்த கம்பியில் மனிதர்கள் செத்திருக்கிறார்கள். இரண்டாவது, வீட்டுக்குள் மருந்து வேண்டாம் என்ற உங்கள் பயம் நூற்றுக்கு நூறு சரி. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட் ஈரலைக் கெடுத்துக் கொல்வது. அதைத் தமிழ்நாடு அரசு தடை செய்ததற்குக் காரணமே அது வாங்கிய உயிர்கள்தான். ஜிங்க் பாஸ்பைடு ஈரம் பட்டால் நச்சு வாயு விடும், அதற்கு முறிவு மருந்து கிடையாது. 2024 நவம்பரில் குன்றத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில் எலிக்கு வைத்த மருந்தின் நெடியில் இரண்டு குழந்தைகள் இறந்த செய்தியைப் படித்திருப்பீர்கள். நான் வீட்டுக்குள் கடைசியாக வைத்தது மருந்துக் கட்டி. எலி ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் போய்ச் செத்தது. பத்து நாள் வீட்டில் சாப்பிட முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பூனை ஒன்றும் அந்த வாரமே கொல்லையில் செத்துக் கிடந்தது. அதுதான் காரணமா என்று யாரும் சோதிக்கவில்லை, ஆனால் எனக்குள் சந்தேகம் இல்லை. அதோடு விட்டேன்.

வீட்டுக்கு வருகிறேன். பொறி வாங்கும் முன்னால் சாம்பல் எடுங்கள். இரவு படுக்கப் போகும்போது சுவர் ஓரம், அடுப்படி மூலை, நெல் மூட்டைக்குப் பின்னால், பரண் விளிம்பு என்று மெல்லிசாகத் தூவுங்கள். கோலமாவும் போதும். காலையில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். சிறு சிறு பாதமும், நடுவில் வால் இழுத்த கோடும் தெரியும். எலி சுவரை ஒட்டியே ஓடும், மீசை சுவரில் பட்டால்தான் அதற்குத் தைரியம். எங்கள் வீட்டில் மூன்று இரவு சாம்பல் போட்டதில், எல்லாத் தடமும் தண்ணீர்க் குழாய் சுவருக்குள் நுழைகிற ஓட்டையில் போய் முடிந்தது. கட்டைவிரல் நுழையும் அளவு இடைவெளி. வருடக்கணக்கில் அதைப் பார்த்துக்கொண்டே நடந்திருக்கிறோம்.

தடம் தெரிந்ததும் பொறி. எனக்குப் பிடித்தது மரப்பலகையில் வரும் அடிப்பொறி. ஒன்று வாங்காதீர்கள், ஆறு வாங்குங்கள். சுவருக்குக் குறுக்காக, இரை இருக்கும் பக்கம் சுவரைத் தொடுகிற மாதிரி வையுங்கள். முதல் மூன்று இரவு விசையை ஏற்றாமல் இரையை மட்டும் வையுங்கள். புதுப் பொருளைக் கண்டால் வீட்டெலி ஒதுங்கும், சாப்பிட்டுப் பழகட்டும். நாலாம் இரவு ஆறையும் ஒன்றாக ஏற்றுங்கள். அன்று விழுவதுதான் அதிகம். மசால் வடை நல்ல இரைதான், ஆனால் சட்டென்று பிய்த்துக்கொண்டு ஓடிவிடும். சுட்ட தேங்காய்ச் சில்லையோ கருவாட்டுத் துண்டையோ நூலால் இறுக்கிக் கட்டினால் அது நின்று இழுத்தாக வேண்டும். குழந்தை தவழ்கிற வீடு என்பதால் எல்லாப் பொறியையும் பரணிலும் மூட்டைக்குப் பின்னாலும் மட்டும் வைத்து, விடிந்ததும் எண்ணி எடுத்துவிடுங்கள்.

கூண்டு வேண்டுமென்றால் வைக்கலாம், ஆனால் பிடித்த எலியை என்ன செய்வது என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். வாளித் தண்ணீரில் அமுக்குவதை என்னால் பார்க்க முடியாது. வாய்க்கால் கரையில் விட்டால் அது வேறொருவர் வயலுக்கோ வீட்டுக்கோதான் போகும். பசை அட்டையை வாங்கவே வாங்காதீர்கள். எலி இரவு முழுக்க உயிரோடு துடிக்கும், பல்லியும் ஓணானும் குருவிக் குஞ்சும் அதில் ஒட்டிச் சாகும்.

செத்த எலியை வெறுங்கையால் தொடாதீர்கள், எலிக்காய்ச்சல் அதன் மூத்திரத்தில் இருந்து வருவது. கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு எடுத்து ஆழமாகப் புதையுங்கள். பொறியைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காயவிடுங்கள்.

ஓட்டையை அடைப்பதைப் பிடித்து முடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முன்னாலேயே அடைத்தால் எலி உள்ளே மாட்டிக்கொண்டு புது வழி தோண்டும். வெறும் சிமெண்டைக் காய்வதற்குள் சுரண்டிவிடும், அதனால் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை முதலில் திணித்துவிட்டு மேலே சிமெண்ட் பூசுங்கள். நெல் மூட்டையைச் சுவரில் சாய்க்காமல், பலகை போட்டு, சுற்றி ஓர் ஆள் நடக்கிற அளவு இடம் விட்டு அடுக்குங்கள். கூரையை உரசுகிற தென்னை மட்டையை வெட்டிவிடுங்கள். மரத்திலேயே எலி இருந்தால் ஆள் உயரத்துக்கு மேல், ஒன்றேகால் அடி அகலத்துக்குத் தகரப் பட்டை சுற்றுங்கள், நகம் பிடிக்காமல் வழுக்கிவிடும்.

ஒரு வாரம் ஒன்றும் விழவில்லை என்று பொறியைக் கட்டிப் பரணில் போட்டுவிடாதீர்கள். எங்காவது கூட்டில் கண் திறக்காத குட்டி இருந்தால், அது வெளியே வந்து இரை தேட நாலு வாரம் ஆகும். கடைசி எலி விழுந்த நாளை காலண்டரில் குறித்துவைத்து, அதிலிருந்து ஒரு மாதம் கழித்து மறுபடி மூன்று இரவு சாம்பல் தூவிப் பாருங்கள்.