வெட்டிவேர் நாற்று வாங்கினேன், இலையில் வாசனையே இல்லை!

கேள்வி: ஆன்லைனில் வெட்டிவேர் நாற்று பத்து வாங்கித் தொட்டிகளில் நட்டேன். நான்கு மாதத்தில் இடுப்பளவு வளர்ந்துவிட்டது. ஆனால் இலையைக் கசக்கினால் வெறும் பச்சைப்புல் வாசம்தான். ஏமாற்றிவிட்டார்களா? பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? அதே கடையில் விதையும் மலிவாகக் கிடைக்கிறது, அதை வாங்கலாமா?

பதில்: பணம் கேட்டு எழுதுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். வெட்டிவேரின் இலையில் வாசனை இருக்காது. இலை மணக்கவில்லை என்றே பலர் நல்ல செடியைப் பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள், அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்கும். கசக்கியதும் எலுமிச்சை மணம் வந்திருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். அது எலுமிச்சைப்புல். இரண்டும் இளசில் ஒன்றுபோலவே இருப்பதால் நாற்று மாறிப்போவது சகஜம்.

தூரின் (தண்டுகள் கொத்தாகச் சேர்ந்த புதரின்) அடியைப் பாருங்கள். எலுமிச்சைப்புல்லின் அடித்தண்டு வெளுத்து, வெங்காயத்தாள் போல உருண்டு பருத்திருக்கும். வெட்டிவேரில் இலைகள் ஒன்றையொன்று மடித்துப் பிடித்து, அடிப்பகுதி விசிறி போலத் தட்டையாக இருக்கும். இலையும் விறைப்பானது. தண்டு முக்கோணமாகக் கையில் தட்டுப்பட்டால் அது கோரை.

சந்தேகம் தீரவில்லையா? தொட்டி ஓரத்து மண்ணைக் கிளறி நாலு வேரை எடுத்துக் கழுவிக் காயவைத்து, பிறகு நனைத்து முகருங்கள். இளம் வேரில் மணம் மெலிதாகத்தான் இருக்கும், வயது ஏற ஏறக் கூடும். எலுமிச்சைப்புல்லோ கோரையோ என்று உறுதியானால், அடித்தண்டு தெரிகிற படத்தையும் ரசீதையும் அனுப்பித் தாராளமாகப் பணத்தைக் கேளுங்கள்.

விதை வேண்டவே வேண்டாம். வேருக்காகப் பயிரிடும் ரகங்கள் பெரும்பாலும் முளைக்கும் விதை தருவதில்லை. தூரைப் பிரித்து நடுவதுதான் வழக்கம். பாக்கெட்டில் வருவது வேறு புல்லாக இருக்கலாம். விதை விழுந்து பரவும் காட்டு ரகமாக இருந்தால் அது களையாகிவிடும். நாற்று வாங்கும்போது இரண்டு மூன்று சிம்புகள் (அடியிலிருந்து கிளைக்கும் தண்டுகள்) சேர்ந்த தூராகக் கேளுங்கள். இலை ஒரு சாணுக்கு வெட்டப்பட்டிருந்தால் குறை சொல்லாதீர்கள், வேர் பிடிக்கும்வரை செடி வாடாமலிருக்கத்தான் அப்படி வெட்டுகிறார்கள்.

அப்புறம், உங்கள் தொட்டி. இந்த வேர் பக்கவாட்டில் ஓடாமல் நேராகக் கீழே இறங்கும். நல்ல மண்ணில் 3 மீட்டரையும் தாண்டும். சின்னத் தொட்டியில் அது அடியில் சுருண்டு முடிச்சாகிவிடும். முடிந்தால் இப்போதே உயரமான சாக்குகளுக்கு மாற்றுங்கள். மணலும் மக்கிய எருவும் கலந்த இளக்கமான மண் போதும். நாள் முழுக்க வெயில் வேண்டும், நிழலில் தூர் கட்டாது. முதல் சில வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதன்பின் வறட்சியையும் தாங்கும். இலையை அவ்வப்போது வெட்டிவிட்டால் புதுச் சிம்புகள் வரும்.

அறுவடைக்கு 12 முதல் 18 மாதம் ஆகும். தரையில் வளர்த்தால் தோண்டும்போது பாதி வேர் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். சாக்கு என்றால் பக்கத்தைக் கிழித்து, மண்ணை நீரில் அலசினாலே வேர் முழுசாகக் கையில் வரும். வேரை வெட்டிய பின் அந்தத் தூரைப் பிரித்துத் திரும்ப நட்டுவிடுங்கள், அடுத்த முறை நாற்று வாங்கும் செலவு இல்லை.