லென்ஸைப் பார்த்து வாங்குங்கள்: 1980-களின் சீடி பிளேயர் கேள்வி பதில்

தேவகோட்டையிலிருந்து: அண்ணே, ரொம்ப நாளா பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தோம். ரெண்டாங்கட்டு அறை அலமாரியில ரெண்டு சீடி பிளேயர் இருக்கு. ஒண்ணு சிங்கப்பூர்ல வாங்கினது, இன்னொண்ணு ஜப்பான்ல இருந்து வந்தது. பிளக்கில சொருகிப் பார்க்கலாமா?

சொருகாதீங்க தம்பி. முதலில் பின்பக்கத்து வோல்டேஜ் சீட்டைப் படிங்க. ஜப்பான் மாடல் 100 வோல்ட். நம்ம 230-ல் கொடுத்தால் டிரான்ஸ்பார்மர் அங்கேயே போய்விடும். அதற்கு 230-லிருந்து 100-க்கு இறக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும். இந்த வகை பிளேயர்கள் பெரும்பாலும் 20, 30 வாட்டுக்குள் இழுப்பவை என்பதால் 100 விஏ (வோல்ட்-ஆம்பியர்) தாங்கும் டிரான்ஸ்பார்மர் தாராளம். அங்கே சில பகுதிகளில் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50 ஹெர்ட்ஸ் என்ற கவலை வேண்டாம். தட்டின் வேகத்தைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் கிரிஸ்டல்.

சிங்கப்பூர் செட்டுக்கு 230 சரி. ஆனால் சில ஏற்றுமதி மாடல்களில் பின்னால் வோல்டேஜ் மாற்றும் திருகு இருக்கும். அது 110-120-ல் நிற்கிறதா என்று பாருங்கள். சதுரக் கால் பிளக்கில் 13 ஆம்பியர் பியூஸ் இருந்தால் 3 ஆம்பியராக மாற்றுங்கள்.

மூடியைக் கழற்றித் தூசி, எலிப் புழுக்கை, குளவிக்கூடு எல்லாவற்றையும் எடுங்கள். பல செட்களில் அடிப்பக்கம் போக்குவரத்துத் திருகு ஒன்றோ இரண்டோ இருக்கும், பெரும்பாலும் சிவப்பாக. வண்டியில் கொண்டுபோகும்போது லென்ஸ் பகுதி (லேசரும் லென்ஸும் சேர்ந்து டிஸ்க்கைப் படிக்கும் தலை, சுருக்கமாக லென்ஸ்) ஆடாமல் பூட்டி வைப்பதற்கு. அதை எடுக்காமல் ஓட்டிவிட்டு "செட் போச்சு" என்பவர்கள் நிறைய.

அதன்பிறகு 40 வாட் குண்டு பல்பை சீரீஸில் போட்டுக் கரண்ட் கொடுங்கள். பல்பு ஒரு நொடி பளிச்சென்று எரிந்து மங்கினால் பாதகமில்லை. முழு வெளிச்சத்தில் நின்றுவிட்டால் உள்ளே ஷார்ட், உடனே எடுத்துவிடுங்கள். பல்பு இருக்கும்போது செட்டுக்கு முழு வோல்டேஜ் போகாது, அதனால் பாட்டுச் சோதனையை பல்பை எடுத்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடியிலிருந்து: முனீஸ்வரன் கோயில் தெருக் கடையில ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். கடைக்காரர் பத்து நிமிஷம் ஓட்டிப் பார்க்க விடுவார். அதுக்குள்ள என்ன பார்க்கணும்?

70 நிமிடத்துக்கு மேல் ஓடும் கம்பெனி டிஸ்க் ஒன்றும் ஹெட்போனும் கொண்டுபோங்கள். எழுதிய டிஸ்க் வேண்டாம். டிரேயை ஐந்து முறை திறந்து மூடுங்கள். திணறினால் பெரும்பாலும் பெல்ட்தான். அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம், அதற்காக செட்டை விட வேண்டியதில்லை.

டிஸ்க் போட்டதும் பாட்டு எண்ணிக்கையும் மொத்த நேரமும் சில நொடியில் வர வேண்டும். மூன்று நான்கு தடவை முயன்று பிறகு வந்தால் லென்ஸ் அழுக்கு, அல்லது லேசர் தளர்ச்சி. அடுத்து முதல் பாட்டிலிருந்து ஒரே தாவலாகக் கடைசிப் பாட்டு. அங்கே இரண்டு நிமிடம் கேளுங்கள். திரும்ப முதல் பாட்டு.

சீடி உள்ளிருந்து வெளியே படிக்கப்படுவது. உள்விளிம்பில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 500 சுற்று, வெளிவிளிம்பில் 200. ஆகவே முதல் பாட்டில் மட்டும் திக்கி, போகப்போகச் சரியானால் வேகம் கொடுக்க முடியாத தட்டு மோட்டார் மேல் சந்தேகப்படுங்கள். கடைசிப் பாட்டுகளில் மட்டும் தாவினால் லென்ஸ் வண்டி ஓடும் தண்டில் கிரீஸ் கெட்டிப்பட்டிருக்கும். பத்து நிமிடத்தில் தெரியாதது ஒன்று உண்டு: சூடேறிய பிறகு தாவுவது. பெரும்பாலும் விண்டுபோன ஈயப்பற்று. ஒரு மணி நேரம் ஓட விட்டால்தான் பிடிபடும். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்க்க அனுமதி கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே, உள்ளே இருக்கும் லென்ஸ் நம்பரைக் கேளுங்கள். முகப்பு அலுமினியமும் மர ஓரமும் பார்த்துக் காசு கொடுக்க வேண்டாம். மாற்று லென்ஸ் கிடைக்காத செட் ஒருநாள் அலங்காரப் பொருள்தான். சோனியின் கேஎஸ்எஸ்-210ஏ, கேஎஸ்எஸ்-240ஏ போன்றவற்றுக்கு நகல்களாவது கிடைக்கும், தரம் முன்னேபின்னே இருந்தாலும். பிலிப்ஸின் முதல் தலைமுறை லென்ஸ் தலைகளான சிடிஎம் வகைக்கு இன்னொரு பழைய செட்டைக் கழற்றுவதுதான் வழி.

பள்ளத்தூரிலிருந்து: லென்ஸ் மேலும் கீழும் ரெண்டு மூணு தடவை ஆடுது. தட்டு சுத்தவே இல்ல. "நோ டிஸ்க்"னு வருது. மோட்டார் போச்சா?

மோட்டாரைக் குறை சொல்வதற்கு முன் ஒன்று. பெரும்பாலான செட்களில் போகஸ் கிடைத்தால்தான் தட்டு சுற்றும். லென்ஸ் ஆடுவது போகஸ் தேடுவது, கிடைக்காததால் கைவிடுகிறது.

99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் ஈரம் தெரியுமளவு மட்டும் தொட்டு, லென்ஸை அழுத்தாமல் உள்ளிருந்து வெளியே வட்டமாக ஒருமுறை துடையுங்கள். உடனே உலர்ந்த குச்சியால் இன்னொரு முறை. தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் கூடவே கூடாது. பிளாஸ்டிக் லென்ஸ் வெந்து வெளுத்துவிடும்.

அப்புறமும் வரவில்லையா, லேசர் கரண்டை அளக்க வேண்டும். பல சோனி லென்ஸ்களின் ஸ்டிக்கரில் மூன்று இலக்கம் இருக்கும்: 452 என்றால் 45.2 மில்லி ஆம்பியர். சர்வீஸ் மேனுவல் காட்டும் ரெசிஸ்டரின் குறுக்கே வோல்ட்டை அளந்து ஓம்ஸால் வகுங்கள். 22 ஓம்ஸில் 0.99 வோல்ட் என்றால் 45 மில்லி ஆம்பியர், ஆரோக்கியம். ஸ்டிக்கரைவிட 20 சதவீதம் மேலே போய்விட்டால் லேசர் முதுமை. லேசர் கரண்ட்டைக் கூட்டிக் குறைக்கும் குட்டித் திருகு (பொட்டென்ஷியோமீட்டர்) ஒன்று இருக்கும், அதைத் திருகி கரண்ட்டை ஏற்றினால் சில நாள் பாடும், பிறகு மொத்தமாக அணையும். அளக்காமல் அதைத் தொடாதீர்கள்.

கண் ஜாக்கிரதை. 780 நானோமீட்டர் லேசர் கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாது. மங்கிய சிவப்புப் புள்ளியைப் பார்த்து "பவரே இல்லை" என்று ஏமாறுவார்கள். எரிகிறதா என்று பார்ப்பதானால் ஓரடி தள்ளி, பக்கவாட்டில் மட்டும்.

கோட்டையூரிலிருந்து: ரிச்சி தெருவில வாங்கின புது லென்ஸ் போட்டேன். பழசு கொஞ்சமாவது படிச்சது, புதுசு சுத்தமா செத்துக்கிடக்கு.

ஸ்டேட்டிக்கால் லேசர் சாகாமல் இருக்க, பல புது லென்ஸ்களில் இரண்டு செப்புப் புள்ளிகளை ஈயத்துளியால் இணைத்தே அனுப்புவார்கள். கேபிளைப் பொருத்திய பிறகு அந்தத் துளியை எடுக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு புகார் இதுதான் என்று தோன்றும், அவ்வளவு சகஜம். எர்த் செய்த சால்டரிங் அயர்ன், ஈயம் உறிஞ்சும் செப்புப் பின்னல், இரண்டு நொடி.

கானாடுகாத்தானிலிருந்து: தம்பி, சோனி சிடிபி-101, பிலிப்ஸ் சிடி100 ரெண்டும் ஒரே நேரத்துல எனக்குக் கிடைக்குது. பிலிப்ஸ் 14 பிட்டுதானாம், 16 பிட் டிஸ்க்கை அது எப்படி முழுசாப் பாடும்?

அண்ணன், 14 என்ற எண்ணைப் பார்த்து ஒதுக்க வேண்டாம். பிலிப்ஸ், எண்களை ஒலி அலையாக மாற்றும் டிடிஏ1540 சிப்புக்கு முன்னால் நான்கு மடங்கு ஓவர்சாம்பிளிங் (மாதிரிகளுக்கு இடையே கூடுதல் மாதிரிகளைக் கணக்கிட்டுச் சேர்ப்பது) வைத்தது: 44.1 கிலோ ஹெர்ட்ஸ் 176.4 ஆகிறது. இரைச்சலைக் காதுக்கு எட்டாத உயரத்துக்குத் தள்ளும் நாய்ஸ் ஷேப்பிங்கும் சேர்த்து, கேட்கும் எல்லைக்குள் 16 பிட்டுக்கு ஈடாகிவிடும். இன்னொரு லாபம், பின்னால் வரும் அனலாக் பில்டர் மென்மையாக இருந்தால் போதும்.

1982 அக்டோபர் 1-ல் ஜப்பானில் 1,68,000 யென்னுக்கு வந்த சிடிபி-101-ல் 16 பிட் டாக் (எண்ணை ஒலியாக மாற்றும் சிப்) ஒன்றே. இடது வலது இரண்டையும் மாறிமாறி அதுதான் பார்க்கிறது. அதனால் ஒரு சேனல் சுமார் 11 மைக்ரோ செகண்ட் பிந்தும். ஒரு ஸ்பீக்கரை 4 மில்லிமீட்டர் பின்னே தள்ளியதற்குச் சமம், காதில் படாது. இரண்டு சேனலையும் கூட்டி மோனோவாகக் கேட்டால் மட்டும் உச்ச ஸ்தாயி கொஞ்சம் குறையும்.

என் தேர்வு கேட்டால், ஓட்டிக் கேட்க பிலிப்ஸ். அதன் லென்ஸ் தண்டில் ஓடாமல் வில் போல ஆடும் கைமேல் இருப்பதால் தேயும் பல்சக்கரம் இல்லை. அந்தக் கை அச்சில் எண்ணெய் விடவே கூடாது. ஆனால் அந்த போர்டுகளின் இரண்டு பக்கத்தையும் இணைக்கும் சிறு ரிவெட்டுகளில் ஈயம் விண்டுவிடும். அத்தனையிலும் புது ஈயம் வைத்த பிறகுதான் மற்ற சந்தேகங்கள். லேசர் போய்விட்டால் சிரமம் என்பதை முன்பே சொன்னேன்.

ஆத்தங்குடியிலிருந்து: ஜப்பான்ல அச்சடிச்ச பழைய டிஸ்க். பழைய பிளேயர்ல இதமா இருக்கு. பையன் கம்ப்யூட்டர்ல ஏத்திக் கொடுத்தான், அதே பாட்டு காதைக் கீறுது. காப்பி கெட்டுப்போச்சா?

காப்பி நன்றாகத்தான் இருக்கும் ஆச்சி. ஆரம்பகால டிஸ்க்குகள் சிலவற்றில் உச்ச ஒலியைத் தூக்கிப் பதிவு செய்திருப்பார்கள். ப்ரி-எம்பசிஸ் என்று பெயர், 50/15 மைக்ரோ செகண்ட். 20 கிலோ ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 9.5 டெசிபல் கூடுதல். பிளேயர் டிஸ்க்கில் உள்ள குறியைப் படித்துத் தானே குறைத்துவிடும். கம்ப்யூட்டர் அதைக் கவனிக்காமல் நகலெடுத்துவிட்டது. பையனிடம் டி-எம்பசிஸ் போட்டு மாற்றச் சொல்லுங்கள். டிரெபிளைத் திருகிக் குறைத்தால் சரியான வளைவு வராது.

புதுவயலிலிருந்து: பழைய ஆம்பிளிபயர், ஐந்து பின் டின் (DIN, பழைய வட்ட வகை) சாக்கெட். சீடி போட்டால் கரகரன்னு பிசிறுது.

சீடியின் வெளியீடு 2 வோல்ட். அந்த உள்ளீடுகள் பலவும் 200, 300 மில்லிவோல்ட்டுக்கு அமைத்தவை. ஒவ்வொரு சேனலிலும் 47 கிலோ ஓம்ஸ் தொடராகவும், அதன் ஆம்பிளிபயர் பக்கத்து முனையிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம்ஸும் போடுங்கள். 2 வோல்ட் 0.35 ஆகிவிடும். இசைத்தட்டு உள்ளீட்டில் எக்காரணம் கொண்டும் சொருக வேண்டாம்.

திருப்பத்தூரிலிருந்து: தண்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா? எழுதின டிஸ்க் ஓடுமா?

தேங்காய் எண்ணெய் வேண்டாம், சில மாதத்தில் பிசினாகி லென்ஸ் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பழைய கிரீஸை முழுவதும் துடைத்து, உலோகத் தண்டுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. பிளாஸ்டிக் பல்லுக்கு சிலிகான் கிரீஸ், அரிசி அளவு.

ஒருமுறை மட்டும் எழுதும் சீடி-ஆர் பெரும்பாலும் ஓடும். 80 நிமிட டிஸ்க்கைக் கடைசி வரை நிரப்பாமல் எழுதுங்கள். திரும்பத் திரும்ப எழுதும் ஆர்டபிள்யூ டிஸ்க்கில் ஒளி திரும்புவது அச்சு டிஸ்க்கின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 1980-களின் செட்கள் பெரும்பாலும் அதைப் படிக்காது, அது செட்டின் கோளாறும் இல்லை.