தந்தையின் கால் ஸ்டென்டுக்கு மீதி நகையையும் அடகு வைக்கலாமா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 71; நெடுநாள் சர்க்கரை நோயாளி. அவருடைய கால் விரல் புண் இரண்டு மாதங்களாக ஆறவில்லை. தொடை ரத்தக் குழாயில் அடைப்பு உள்ளதால் ஸ்டென்ட் (குழாயை விரித்து வைத்திருக்கும் சிறு வலைக் குழல்) வைக்க வேண்டும் என்று கூறி 2,50,000 ரூபாய் கேட்கிறார்கள். மைத்துனரின் கடைக்காக நான்கு ஆண்டுகளுக்கு முன் 12 சதவீத வட்டியில் வாங்கிய 3,00,000 ரூபாய் நகைக் கடனை ஆண்டுதோறும் வட்டி மட்டும் கட்டிப் புதுப்பித்து வருகிறேன். மீதி நகையையும் வைத்துவிடலாமா? வங்கியில் 7 சதவீத வட்டியில் உள்ள 2,00,000 ரூபாய் வைப்புத்தொகையைத் தொட மனமில்லை. செலவு போக மாதம் 12,000 ரூபாய் மிஞ்சும். தந்தைக்கு இப்போதே காப்பீடு எடுக்கலாம் என்கிறார் முகவர்.

பதில்: சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். நடக்கும்போது மட்டும் கால் வலிப்பவருக்கு முதலில் மருந்தும் நடைப்பயிற்சியும் போதும் என்று மருத்துவர் காத்திருக்கக்கூடும். ஆனால் ரத்த ஓட்டம் குறைந்து புண் ஆறாத நிலையில் தாமதித்தால் காலையே இழக்க நேரிடலாம்.

உங்களை அரித்துக்கொண்டிருப்பது ஸ்டென்ட் செலவு அன்று, வட்டியை மட்டும் கட்டிக் கடனைப் புதுப்பிக்கும் பழக்கம். ஆண்டுக்கு 36,000 வீதம் நான்கு ஆண்டுகளில் 1,44,000 ரூபாய் கட்டியும் அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. இப்போது இன்னும் 2,50,000 சேர்த்தால் வட்டி மட்டுமே மாதம் 5,500 ஆகிவிடும். 7 சதவீதம் தரும் பணத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு 12 சதவீதத்துக்குக் கடன் வாங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. வைப்புத்தொகையை முறித்து, குறையும் 50,000 ரூபாய்க்கு மட்டும் நகையை வையுங்கள். மிஞ்சும் 12,000 ரூபாயையும் மாதந்தோறும் கட்டிவந்தால், இரு கடன்களும் ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் தீரும். மைத்துனர் மாதம் 3,000 ரூபாய் வட்டியையாவது ஏற்றால் இன்னும் விரைவில் முடியும். அவரிடம் இந்த வாரமே பேசுங்கள்.

முகவர் சொல்லும் காப்பீடு இந்தச் சிகிச்சைக்கு உதவாது. ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம், அதாவது அந்த நோய்ச் செலவுக்குக் காப்பீடு பணம் தராத காலம், மூன்று ஆண்டுகள் வரை இருக்கலாம். அதைவிட, தந்தை தனிக் குடும்ப அட்டையில் இருந்து, அவருடைய ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், வருமானச் சான்றிதழுடன் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்க்க முடியுமா என்று விசாரியுங்கள்.

2017 பிப்ரவரியில் வந்த ஸ்டென்ட் விலை உச்சவரம்பு இதய ரத்தக் குழாய் ஸ்டென்டுகளுக்கு உரியது; கால் ஸ்டென்டுக்கு அது பொருந்தாது. ஆகவே எத்தனை ஸ்டென்ட், அடைப்பை விரிக்க எத்தனை பலூன், ஒவ்வொன்றும் என்ன விலை என்று தனித்தனியாக எழுதி வாங்கிய பின்பே முன்பணம் கட்டுங்கள்.